நிற்கிற படம் ஒன்று வேண்டும்

அநியாயம் நடந்தது எனக்குத்தான் அக்கா. செய்தவர்கள் கயத்தாறில் ஒரு குடும்பம். என்னை நேரில் பார்க்கவில்லை, என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. என் படங்களை மட்டும் பார்த்துவிட்டு, "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு, பாவம், காலுதான் சரியில்ல" என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

நீங்கள் கேட்டது "எங்கம்மா எறங்குற?" என்றுதான். தெரியும். அதற்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். டிக்கெட் கோவில்பட்டிக்கு எடுத்திருக்கிறேன். ஆனால் கயத்தாறில் இறங்கினாலும் இறங்குவேன். பஸ் கயத்தாறு போய்ச் சேர்வதற்குள் அது முடிவாக வேண்டும். உங்களையே நடுவராகப் போட்டுக்கொள்கிறேன். அந்தப் பையை இப்படிக் கொடுங்கள், மடியில் வைத்துக்கொள்கிறேன். முருங்கைக்காய் கன்னத்தில் இடிக்கிறது, பரவாயில்லை. நீங்கள் கம்பியை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். தாழையூத்து தாண்டிவிட்டால் இந்த டிரைவர் பறப்பார்.

என் பெயர் செண்பகவல்லி. ஊர் கோவில்பட்டி, படிப்பது திருநெல்வேலியில், எம்.ஏ. சமூகவியல். பட்டிமன்றத்தில் பேசுவேன். கூட்டுக்குடும்பமே என்றும் பேசியிருக்கிறேன், தனிக்குடித்தனமே என்றும் பேசியிருக்கிறேன், இரண்டுக்கும் கோப்பை வாங்கியிருக்கிறேன். அதனால் ஒருதலைப்பட்சமாகப் பேசுகிறாள் என்று நினைக்காதீர்கள். எதிரணி வாதத்தையும் நானே சொல்லிவிடுவேன், அவர்களைவிட நன்றாகவே சொல்வேன்.

சரி, படத்துக்கு வருகிறேன்.

எனக்கு மேடையில் நிற்க வரும் அக்கா, கேமரா முன்னால் நிற்க வராது. அது வேறு, இது வேறு. மேடையில் கை தானாக வேலை பார்க்கும். கேமராவைக் கண்டால் இரண்டு கையும் யாரோ கடன் கொடுத்த கை மாதிரி தொங்கும். பள்ளிக்கூடத்தில் கொடியேற்றும்போது நிற்போமே, அப்படி. இன்ஸ்டாகிராமில் நான் போட்ட முதல் படத்துக்கு ஒருத்தி கீழே என்ன எழுதினாள் தெரியுமா? "யாரை மேடம் எதிர்பார்த்து வரவேற்பு கொடுக்குறீங்க?"

அப்போதுதான் எப்சி சொன்னாள், "ஏட்டி, நீ நிக்காத. உக்காரு. உக்காந்தா மனுசி மாதிரி இருப்ப."

எப்சி என்பது எப்சிபா. நாசரேத்துக்காரி. விடுதியில் நானும் அவளும் ஒரே அறை. சின்ன வயதில் ஒரு விபத்து, அதிலிருந்து அவளுக்கு வலது கால் சொன்னபடி கேட்காது. கையில் ஒரு அலுமினிய ஊன்றுகோல் வைத்திருப்பாள். படம் எடுப்பதில் அவளை மிஞ்ச எங்கள் விடுதியில் ஆள் கிடையாது. ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு, தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, போனைக் கீழிருந்து மேலாகப் பிடித்தாள் என்றால் மெஸ் சமையல்காரர்கூட மந்திரி மாதிரி விழுவார். அந்த ஊன்றுகோலை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வழக்கே அதில்தான் இருக்கிறது.

உட்காருவதில் என்ன இருக்கிறது என்றுதானே நினைக்கிறீர்கள்? நீங்கள் இந்தப் பஸ்ஸில் உட்கார்ந்தால் எப்படி உட்காருவீர்கள்? சாய்ந்து. முழங்கால் இரண்டும் முன்னால் பார்க்க. அதுதான் தப்பு. "முதுகச் சாய்க்காத, அது பல் டாக்டர் வீட்ல உக்கார்றது" என்பாள் எப்சி. "நுனியில உக்காரு. இந்தா அடுத்த நிமிசம் எந்திரிச்சுப் போகப்போறவ மாதிரி. முழங்கால ஒரு பக்கமாச் சரி. ஒரு கைக்கு வேலை குடு, கம்மலத் தொடு, டீ கிளாசப் பிடி. என்னப் பாக்காத. அந்தா அங்க ஒரு மாடு நிக்குன்னு வச்சிக்க. அந்த மாட்ட உனக்குப் பிடிக்கும். ஆனா அதுகிட்ட போகமாட்ட. அந்தப் பார்வ வேணும்."

மாட்டை நினைத்துக்கொண்டு நூலகப் படியில் உட்கார்ந்தேன். தண்ணீர்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தேன். மெஸ்ஸில் கழுவிக் கவிழ்த்த சாம்பார் அண்டாமேல் உட்கார்ந்தேன். விடுதிக்குப் பின்னால் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து தூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வாட்ச்மேன் ஓடிவந்து, "என்னம்மா மயக்கமா? சோடா வாங்கிட்டு வரட்டா?" என்றார். அந்தப் படம்தான் உச்சம். "எவ்வளவு இயல்பு!" என்று முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் எழுதினார்கள். அந்த இயல்புக்காக எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு தைலம் தேய்த்துக்கொண்டு படுத்தது எனக்கும் எப்சிக்கும்தான் தெரியும்.

என் அம்மா மட்டும் போனில் கேட்டாள், "எல்லாத்துலயும் உக்காந்தே இருக்கியே தாயி, காலு கீலு வலிக்கா?" நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

நடுவில் பேச்சியம்மா சித்தி வந்தாள். பேச்சியம்மா சித்தி வாட்ஸ்அப்பிலேயே கல்யாணம் முடித்து வைக்கிறவள். அவளுக்கு ஒரு சட்டம் உண்டு. பெண்ணின் படம் இரண்டு போக வேண்டும். ஒன்று முகம் தெரிகிற மாதிரி. இன்னொன்று தலையிலிருந்து செருப்பு வரை, நின்றபடி, பக்கத்தில் ஒரு பூந்தொட்டியோடு. பூந்தொட்டி இருந்தால்தான் உயரம் பிடிபடுமாம். ஸ்டூடியோவுக்கு வா என்றாள். நான் கேட்டேன், "சித்தி, நான் என்ன பீரோவா, அளவு பார்க்க?" வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எனக்குக் கல்யாணத்தில் நாட்டமே இல்லை அக்கா. கொள்கை அளவில் சொல்கிறேன்.

அவள் பார்த்தாள், என் இன்ஸ்டாகிராமிலிருந்து கைக்கு வந்ததை அள்ளிக் கயத்தாறுக்கு அனுப்பிவிட்டாள். எல்லாம் உட்கார்ந்த படம்.

அந்தப் பையனின் படங்களும் வந்தன. பெயர் இசக்கிராஜா. காற்றாலையில் இன்ஜினியர். நான் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. பச்சைச் சட்டை, இடது புருவத்தில் சின்ன வெட்டு, மேல் வரிசையில் ஒரு பல் லேசாக முன்னால், அவ்வளவுதான் கவனித்தேன். ஆனால் ஒன்று கவனித்தேன். எல்லாப் படத்திலும் மனிதர் நின்றுகொண்டிருந்தார். குற்றாலத்தில் நிற்கிறார். யாருடைய காரோ ஒன்றின் பக்கத்தில் நிற்கிறார். காற்றாலை உச்சியில் நிற்கிறார். எல்லாவற்றிலும் இடுப்பில் ஒரு கை. உட்கார்ந்த படம் ஒன்றுகூட இல்லை. நாங்கள் என்ன, அவருக்கு முட்டி மடங்காது என்று முடிவு கட்டினோமா? எப்சி மட்டும் "மூலமா இருக்கும்ட்டி" என்றாள். அதுகூட விடுதிக்குள் சொன்னது. அவர்கள் வீட்டுக்குப் போன் போட்டு விசாரித்தோமா?

ஆனால் அவர்கள் விசாரித்தார்கள். முதலில், "நிக்கிற படம் ஒண்ணு அனுப்புங்களேன்." நான் அண்டாப் படத்தை அனுப்பச் சொன்னேன். ஒரு வாரம் சத்தம் இல்லை. பிறகு அவருடைய அம்மா என் அம்மாவுக்குப் போன் போட்டார்கள். நேரே கேட்பார்களா? மாட்டார்கள். "எங்க வீட்ல வாசப்படி கொஞ்சம் ஒசரம், பொண்ணுக்குச் சிரமமா இருக்குமோ?" என்றார்கள். என் அம்மா சூதுவாது தெரியாதவள், "அதெல்லாம் நாங்க ஒத்தாசைக்கு வந்துருவோம்" என்றிருக்கிறாள். புது வீட்டில் சாமான் ஏற்றுவதற்கு என்று அவள் நினைப்பு. "கோயில்ல பிரகாரம் சுத்துற பழக்கம் உண்டா?" என்று கேட்டிருக்கிறார்கள். "அவளா? அவ வாசல்லயே உக்காந்துக்குவா. நாங்கதான் சுத்திட்டு வருவோம்" என்றாளாம். நான் நாத்திகம் பேசுகிறவள், அதனால் உட்காருகிறேன். அதை அவள் சொல்லவில்லை, சம்பந்தம் பேசும்போது எதற்கு என்று மறைத்துவிட்டாளாம்!

அடுத்த நாள் சித்தியிடமிருந்து ஒரு படம் வந்தது. அதே துவைக்கிற கல் படம்தான். ஆனால் ஓரத்தில், சுவரில் சாத்தியிருந்த எப்சியின் ஊன்றுகோலைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தது. மாப்பிள்ளையின் அக்கா போட்ட வட்டம். கீழே சித்தி எழுதியிருந்தாள்: "அவங்க கண்டுபிடிச்சிட்டாங்க. என்கிட்டயாவது முன்னாலயே சொல்லியிருக்கலாம்."

யோசித்துப் பாருங்கள். என்னைத் தூக்கி வளர்த்த சித்தி! நான் ஓடியாடியதைக் கண்ணால் பார்த்தவள்! அவளே படத்தைத்தான் நம்புகிறாள்.

என்ன எட்டிப் பார்க்கிறீர்கள், கங்கைகொண்டானா? முன் சீட்டில் ஒருவர் எழுந்திருக்கிறார்தான். ஆனால் நீங்கள் இப்போது போய்விடாதீர்கள் அக்கா, முக்கியமான கட்டம். தவிர, உங்கள் பை என்னிடம் இருக்கிறது. பார்த்தீர்களா, அதற்குள் வேறொருவர் உட்கார்ந்துவிட்டார். விடுங்கள், அது வெயில் அடிக்கிற பக்கம்.

எங்கே விட்டேன்? சிவப்பு வட்டம். அதை எடுத்துக்கொண்டு நேரே எப்சியிடம் ஓடினேன். "பாத்தியாட்டி, என்னப் போயி நொண்டின்னு சொல்லிட்டாங்க! எவ்வளவு அவமானம்!" என்று கத்தினேன்.

எப்சி டீ குடித்துக்கொண்டிருந்தாள். கிளாஸைக் கீழே வைத்தாள். "அதுல என்னட்டி அவமானம்?" என்றாள்.

மேடையில் எத்தனையோ பேர் என்னை மடக்கப் பார்த்திருக்கிறார்கள். அதற்குப் பட்டிமன்றத்தில் ஒரு வித்தை உண்டு, எதிரணி கேட்ட கேள்வியையே நம் வாதமாக எடுத்துக்கொள்வது. எடுத்துக்கொண்டேன். "ஆமா, அதுல என்ன அவமானம்?" என்று நானே திருப்பிக் கேட்டேன். "கால் சரியில்லாட்டி ஒருத்தி வேண்டாமா? நான் இப்ப எந்திரிச்சு நின்னு படம் எடுத்து அனுப்புனா என்ன அர்த்தம்? நிக்க முடியாதவள வேண்டாம்னது நியாயம்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆயிராதா? அனுப்ப மாட்டேன். உனக்காக அனுப்ப மாட்டேன்ட்டி எப்சி!"

"எனக்காகவா?" என்றாள் அவள். நான் உணர்ச்சிவசப்பட்டிருந்ததால் அந்தக் கேள்வியின் தொனியைக் கவனிக்கவில்லை.

அம்மா அழுதாள். "ஒரே ஒரு படம் நின்னு எடுத்துக் குடுத்துரு தாயி. நம்ம ஊரு அம்மன் பேர வச்சிருக்கு உனக்கு. அம்மனே நின்ன கோலத்துலதான் இருக்கா." நல்ல வாதம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் நான் அசையவில்லை.

இதற்கு நடுவில் கயத்தாறிலிருந்து திடீரென்று செய்தி. நேரில் வந்து பார்க்கிறார்களாம். பையன் பிடிவாதமாக "பாத்துட்டுத்தான் வருவோம்" என்றானாம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர்கள் கார் தெருவில் திரும்புவதற்கு முன்பே சோபாவில் உட்கார்ந்துவிட்டேன். விடுமுறைக்கு வீட்டுக்கு வரும்போதே துணைக்கு எப்சியையும் கூட்டி வந்திருந்தேன். அவள் சோபாவின் அந்த ஓரம், நான் இந்த ஓரம், நடுவில் ஊன்றுகோல். வருகிறவர்களுக்கு அது யாருடையது என்று தெரியக் கூடாது. சமத்துவம்! எப்சி என் பக்கம் சாய்ந்து காதோரமாக, "ஏட்டி, பசிக்கி. சீக்கிரம் முடிங்க" என்றாள்.

வந்தார்கள். அவர், அவருடைய அம்மா, அந்தச் சிவப்பு வட்ட அக்கா. காபித் தட்டை நான் எடுத்து வர வேண்டும் என்பதுதானே முறை? நடந்து வருவதைப் பார்ப்பதற்குத்தானே அந்தத் தட்டே? என் அம்மா எடுத்து வந்தாள். அவருடைய அம்மா காபியைக் கையில் வாங்கிக்கொண்டு ஊன்றுகோலைப் பார்க்கிறார்கள், என் காலைப் பார்க்கிறார்கள், எப்சியின் காலைப் பார்க்கிறார்கள். நாங்கள் இரண்டு பேரும் ஒரே மாதிரி முழங்காலைச் சரித்து, நுனியில் உட்கார்ந்திருக்கிறோம். எதைக் கண்டுபிடிப்பார்கள்?

அந்த அக்கா கெட்டிக்காரி. "ரொம்பப் புழுக்கமா இருக்கு, அந்த ஃபேனைக் கொஞ்சம் போடுறியாம்மா?" என்று எங்கள் இருவருக்கும் நடுவில் பார்த்துக் கேட்டாள். எப்சி ஊன்றுகோலை எடுத்தாள், உட்கார்ந்த இடத்திலிருந்தே நீட்டினாள், சுவிட்சைத் தட்டினாள், மறுபடி நடுவில் வைத்துவிட்டாள். ஃபேன் சுற்றியது. சந்தேகம் அப்படியே இருந்தது.

பிறகு அந்த அம்மா பூ எடுத்தார்கள். "கொஞ்சம் எந்திரிம்மா, வச்சு விடுறேன்." நான் தலையை மட்டும் குனிந்து, "இப்படியே வைங்க அத்தை" என்றேன். அத்தை என்று ஏன் சொன்னேன் என்று கேட்காதீர்கள், மரியாதைக்குத்தான். குனிந்த தலையிலேயே வைத்தார்கள். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று நினைத்தார்களோ என்னவோ, எப்சிக்கும் ஒரு முழம் வைத்துவிட்டார்கள்.

அடுத்தது, "பொண்ணும் மாப்பிள்ளையும் மாடியில போய்ப் பேசட்டும்" என்றாள் சித்தி. பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு எல்லோருக்கும் மாடிப்படி ஞாபகம் வந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. கடைசியில் என் அப்பாதான், அதுவரை வாயே திறக்காதவர், "அப்ப நாம மாடிக்குப் போவோம்" என்றார். நல்ல உச்சி வெயில் அக்கா. அவருடைய அம்மா, அக்கா, என் அம்மா, அப்பா, சித்தி எல்லோரும் வரிசையாக மொட்டை மாடிக்குப் போய், காயப்போட்ட வடகத்துக்கு நடுவில் நின்றார்கள். என்னை நிற்கச் சொன்னவர்களே அங்கே நிற்க வேண்டியதாயிற்று பாருங்கள், அதைத்தான் நான் நியாயம் என்கிறேன்.

கீழே நான், எப்சி, அவர். அவர் வந்ததிலிருந்து உட்காரவே இல்லை. வாசல் நிலையை ஒட்டி, இடுப்பில் ஒரு கை வைத்தபடி, படத்தில் இருக்கிற மாதிரியே.

"எங்காலு சரியில்லன்னு உங்க வீட்ல சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"சொன்னாங்க."

"அப்புறம் ஏன் வந்தீங்க?"

"பாக்கணும்னு தோணுச்சுங்க" என்றார்.

"நீங்க ஏன் உக்காரவே மாட்டேங்கிறீங்க?"

என்னைப் பார்த்தார், எப்சியைப் பார்த்தார், நடுவில் இருந்த ஊன்றுகோலைப் பார்த்தார். "பரவால்லங்க" என்றார்.

பரவாயில்லையாம்! நான் வாதத்தைத் தொடங்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவர், ஏதாவது பேச வேண்டுமே என்று பேசுகிறவர் மாதிரி, "எங்க வீட்ல வாசப்படி ஒசரந்தான். ஆனா பக்கத்துல சறுக்கு போட்டாச்சு. போன வாரந்தான் சிமெண்ட் காஞ்சுது" என்றார்.

அக்கா, நீங்களும் ஒரு பெண். சொல்லுங்கள். நேரில் பார்க்காத ஒருத்திக்காக, அவள் வாசலில் தடுக்கக் கூடாது என்று, ஒரு மனிதர் சிமெண்ட் குழைத்துச் சறுக்குப் பாதை போட்டு வைத்திருக்கிறார். போட்டது மட்டுமா? காய்ந்ததா என்றும் பார்த்திருக்கிறார். எத்தனை மேடையில் சமூக நீதி பேசியிருக்கிறேன், ஒரு மூட்டை சிமெண்ட் வாங்கியிருப்பேனா? எப்சி கம்புக்கு மேலாகக் கையை நீட்டி என் தொடையில் கிள்ளினாள். எழுந்து நில் என்று அர்த்தம். எப்படி எழுந்து நிற்பேன்? நின்றால் அந்தச் சிமெண்ட் என்ன ஆவது?

போய்விட்டார்கள். அன்றைக்கே செய்தி வந்தது. பையன் சரி என்றுவிட்டான், இனி பொண்ணு வாயால் சொல்ல வேண்டியதுதான் என்று.

எதிரணி இங்கே ஒன்று கேட்கலாம். உனக்குத்தான் கல்யாணத்தில் நாட்டமில்லையே, பிறகென்ன? சரியான கேள்வி. அதற்கு நான் பிறகு வருகிறேன்.

விடுமுறை முடியும் வரை வீட்டில் என் நிலையைக் கேளுங்கள். கடைத்தெருவுக்குப் போக முடியாது. யாராவது பார்த்து, "அந்தப் பொண்ணு நல்லாத்தான நடக்கு" என்று கயத்தாறுக்குச் சொல்லிவிட்டால்? அடுத்த தெருவுக்கு ஆட்டோவில் போனேன். மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது குனிந்துகொண்டே எடுத்தேன். சும்மா நிற்கச் சொன்னதற்கு மறுத்தவள் நான். இப்போது திருட்டுத்தனமாக நடக்கிறேன்! இதற்கெல்லாம் யார் பொறுப்பு? அந்தக் குடும்பம்தானே?

அப்படித்தான் நேற்று எப்சியிடம் சொன்னேன். "நான் இப்ப எந்திரிச்சா அது உனக்குச் செய்யிற துரோகம்" என்றும் சொன்னேன். கட்டிலில் உட்கார்ந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தவள், நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவள் பேசியதை அப்படியே சொல்கிறேன், ஒரு எழுத்து கூட்டவில்லை.

"ஏட்டி, காலையில கட்டில விட்டு எந்திரிக்க நான் படுற பாடு உனக்குத் தெரியும். பக்கத்துக் கட்டில்லதான கெடக்க? தெனமும் நான் எந்திரிச்சு நிக்கேன். நீ ரெண்டு காலையும் நல்லா வச்சிக்கிட்டு, எம்பேரச் சொல்லி உக்காந்துக்கிட்டு இருக்க. எனக்காகப் போராட்டம் பண்றதுன்னா முதல்ல லைப்ரரிக்கு ஒரு சறுக்குப் பாத கேளு. அத ஒருநாளாவது கேட்டியா? அந்தப் படியில உக்காந்து படந்தான எடுத்த? அந்தப் பையன உனக்குப் பிடிச்சிருக்கு. அதச் சொல்லத் தெரியல. அதுக்கு என் கம்ப ஏன் நடுவுல வைக்க?"

எவ்வளவு பெரிய வார்த்தை! யாருக்காக நான் இத்தனை நாள் உட்கார்ந்திருந்தேனோ, அவளே! ராத்திரி அவளோடு பேசவில்லை. பேசவில்லை என்பதை அவள் கவனிக்கவும் இல்லை, தூங்கிவிட்டாள். லைப்ரரி விஷயத்தில் மட்டும் அவள் சொல்வதில் நியாயம் இருப்பதால், திங்கட்கிழமை துணைவேந்தருக்கு மனு எழுதப்போகிறேன். அது வேறு.

இன்றைக்குக் காலையில் அவருக்கு ஒரு செய்தி அனுப்பினேன். "எனக்கு நன்றாக நடக்க வரும். ஓடவும் வரும். உங்கள் சறுக்குப் பாதைக்கு நான் தகுதியானவள் அல்ல. மன்னிக்கவும். ஆனால் நிற்கிற படம் கேட்டது தவறு என்ற என் நிலைப்பாட்டில் மாற்றமில்லை. இன்று பஸ்ஸில் ஊருக்குப் போகிறேன்."

பஸ் ஸ்டாண்டில் இந்தப் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு பதில் வந்தது. ஒன்றன்பின் ஒன்றாக. படிக்கிறேன், நீங்கள் கேளுங்கள். என்ன காலை உதறுகிறீர்கள், மரத்துவிட்டதா? கொஞ்சம் மாற்றி நில்லுங்கள் அக்கா. நான் நின்றபடி மூன்று மணி நேரம் பேசியிருக்கிறேன், அது பழகினால் ஒன்றும் தெரியாது.

முதலாவது: "தெரியும்ங்க. உங்க பட்டிமன்றமெல்லாம் யூடியூப்ல பாத்தேன். எல்லாத்துலயும் நின்னுதான பேசுறீங்க. ஒண்ணுல மேஜையச் சுத்தி வந்து எதிரணிகிட்ட சண்டைக்குப் போனீங்க. அதப் பாத்துட்டுத்தான் நேர்ல பாக்கணும்னு தோணுச்சு."

தெரியுமாம்! தெரிந்துகொண்டே வந்து, தெரிந்துகொண்டே அத்தனை பேரையும் வெயிலில் மாடி ஏறவிட்டு, தெரிந்துகொண்டே "பரவால்லங்க" என்று நின்றிருக்கிறார். ஏன் அன்றைக்கே சொல்லவில்லை? அதற்கும் எழுதியிருக்கிறார்: "நீங்களா எந்திரிப்பீங்கன்னு பாத்தேன்."

இரண்டாவது: "சறுக்கு பைக் ஏத்துறதுக்குங்க."

பைக்! ஒரு பைக்குக்காகவா நான் மொட்டை மாடியில் குனிந்து குனிந்து துணி எடுத்தேன்? யோசித்துப் பார்த்தால் எங்கள் வீட்டு வாசலிலும் சறுக்கு இருக்கிறது, அப்பா டிவிஎஸ் ஏற்றுவதற்கு. அதன்மேல் நடந்துதான் நான் வளர்ந்தேன். அது ஏன் அப்போது எனக்குத் தோன்றவில்லை என்று நீங்கள் கேட்கக் கூடாது.

மூன்றாவது: "நான் ஏன் உக்காரலைன்னு கேட்டீங்க. நாற்காலியிலெல்லாம் முதல்ல பெரியவங்க, அவங்க மாடிக்குப் போனப்புறம் பூத்தட்டு, பழத்தட்டு. சோபாவுல நீங்க, உங்க ஃப்ரெண்டு, நடுவுல அந்தக் கம்பு. எடம் இல்லீங்க."

கடைசியாக ஒன்று: "இன்னைக்கு எனக்கு லீவுதான். கயத்தாறுல எறங்குறதா இருந்தா பஸ் ஸ்டாப்புல நிக்கேன்."

இதுதான் வழக்கு. இப்போது இரண்டு பக்கமும் சொல்கிறேன். நான் இறங்கினால் என்ன நடக்கும்? பஸ் படியிலிருந்து அவர் நிற்கிற இடம் வரை நடந்து போக வேண்டும். அவர் பார்த்துக்கொண்டே நிற்பார். நான் நடந்து காட்ட வேண்டும் என்றுதானே அவர்கள் முதல் நாளிலிருந்து கேட்டார்கள்? ஸ்டூடியோவுக்குப் போகாமல், காபித் தட்டைத் தூக்காமல், அம்மாவின் கண்ணீருக்கு இரங்காமல் காப்பாற்றிய ஒன்றை, கயத்தாறு பஸ் ஸ்டாப்பில், நாலு பேர் புரோட்டா தின்றுகொண்டு பார்க்க, சும்மா கொடுத்துவிடுவதா? இது ஒரு பக்கம்.

இறங்காவிட்டால், கோவில்பட்டி போகலாம். வீட்டுக்குப் போகலாம். கொள்கை அப்படியே இருக்கும். சோபாவும் இருக்கும். அதற்குமேல் அந்தப் பக்கத்துக்கு... அந்தப் பக்கத்துக்கு என்னிடம் வாதம் இல்லை அக்கா. எந்த அணியில் போட்டாலும் பேசுவேன் என்று சொன்னேனே. இதற்குப் பேச வரவில்லை.

காற்றாலையெல்லாம் தெரிய ஆரம்பித்துவிட்டது, பாருங்கள்.

அதோ. புரோட்டாக் கடைக்கு இந்தப் பக்கம், பச்சைச் சட்டை. இடுப்பில் கை. நிற்கிறார், வேறென்ன செய்வார். பஸ்ஸைத்தான் பார்க்கிறார். ஜன்னல் ஜன்னலாகப் பார்க்கிறார். என்னைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், நான் ஒன்றும் வேண்டுமென்று நுனிக்கு வரவில்லை. முழங்கால் தானாகச் சரிந்துவிட்டது, கையும் தானாகக் கம்மலுக்குப் போய்விட்டது. பழகிவிட்டது, என்ன செய்ய?

கண்டக்டர் கத்துகிறார். "கயத்தாறு! கயத்தாறு எறங்குறவங்கெல்லாம் முன்னால வாங்க!"

நடுவர் அவர்களே, நேரமில்லை. தீர்ப்பைச் சொல்லிவிடுங்கள். நான் ஏன் எழுந்திருக்க வேண்டும்? ஒரே ஒரு காரணம் சொல்லுங்கள், எழுந்திருக்கிறேன்.

அந்த அக்கா என் மடியிலிருந்து பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். கம்பியிலிருந்து ஒரு கையை விடுவித்து என் முழங்கையைப் பிடித்தார். திருநெல்வேலியில் ஏறியதிலிருந்து அவர் இரண்டாவது முறையாக வாயைத் திறந்தது அப்போதுதான்.

"எந்திரி தாயி. நீ எந்திரிச்சாத்தான நான் உக்கார முடியும்."